உலோகச் சோர்வு

துவாஸ் லிங்க்கில் கண் விழிப்பது
இந்த மாதம் நான்காம் முறை.
இறங்க வேண்டியது பூன் லே.
கப்பல் பட்டறைக்குப் போகிறவர்கள்
என்னைத் தாண்டி இறங்கியிருப்பார்கள்,
இரவு வேலை முடித்தவள் என்று நினைத்து.

எட்டரை மணி வகுப்பின் தலைப்பு: உலோகச் சோர்வு.
சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

திரையில் உடைந்த அச்சு ஒன்று.
ஒரே அடியில் உடைந்ததல்ல.
தாங்கக்கூடிய சுமைதான்,
லட்சம் முறை, பத்து லட்சம் முறை.
உடைந்த முகத்தில் வரிவரியாகக் கோடுகள்,
அலை திரும்பிய மணல்போல;
விரிசல் எவ்வளவு எவ்வளவாக நகர்ந்ததென்று
இரும்பு தானே எழுதிய நாட்குறிப்பு.
மிச்சத்தை வெய் ஜுனின் குறிப்பில்தான் படித்தேன்.
கோடுகள் வரைக்கும்தான் விழித்திருந்தேன்.

வீட்டில் இதற்கு வேறு பெயர்கள்.
அம்மாவுக்கு, போன். அப்பாவுக்கு, ஏர்கான்.
அண்ணனுக்கு,
"ரெண்டு வருஷம் ராணுவத்துக்கு அனுப்புங்க."
எனக்கு நானே வைத்தது, சோம்பேறி.
அசதி, களைப்பு, அயர்ச்சி, தளர்ச்சி என்று
இத்தனை சொல் கிடக்கும் மொழியில்
அந்த ஒன்றைத்தான் கை எடுத்தது.

ஒரு சனிக்கிழமை, பத்து மணிநேரம் தூங்கி எழுந்து
பல் துலக்கும்போதே உட்கார இடம் தேடினேன்.
அன்றுதான் பயம் வந்தது.

பலதுறை மருந்தகத்தில் டாக்டர் நூர்ஹயாத்தி
எத்தனை மாடி ஏறினால் மூச்சு வாங்கும் என்றார்.
இரண்டு.
சொன்ன பிறகுதான் எனக்கே அது கேட்டது.
மாதவிலக்கு எத்தனை நாள்?
ஒன்பது. எல்லோருக்கும் அப்படித்தான் என்றிருந்தேன்.
ஐஸ் மெல்லத் தோன்றுமா?
மைலோ பெங் குடித்த குவளையில் மிஞ்சியதை
கடைசிக் கட்டி வரை கடிப்பவள் நான்.
இவருக்கு யார் சொன்னது?

ரத்தத்தில் இரும்புச் சேமிப்பு: ஏழு.
முப்பதாவது இருக்க வேண்டுமாம்.
இரும்பும் கரியும் எந்தச் சூட்டில் எப்படிக் கூடுமென்று
கண்ணை மூடிக்கொண்டே வரைவேன்.
எழுநூற்று இருபத்தேழு டிகிரி,
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
என் இரும்பைப் பற்றி எந்தத் தேர்வும் கேட்டதில்லை.

மாத்திரை வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாற்றோடு.
தே தாரேக் இரண்டு மணிநேரம் தள்ளி.
நாளுக்கு நாலு குடித்துக்கொண்டிருந்தேன்,
விழித்திருக்க;
உள்ளே வந்த கொஞ்ச இரும்பையும்
அதுதான் வாசலில் நிறுத்தியிருக்கிறது.

ஆனால் ஏழை மட்டும் குற்றம் சொல்லி என்ன
(எண்ணைத்தான் சொல்கிறேன்).
தெம்பனிஸில் ரித்விக்கின் அம்மாவுக்கு
வியாழன் டியூஷன் வேண்டாமென்று
மூன்று முறை எழுதி அழித்து, நான்காம் முறை அனுப்பினேன்.
ஒரு பாடத்தை அடுத்த பருவத்துக்குத் தள்ளினேன்.
குழு வேலையிலிருந்து பதினொன்றுக்கு எழுந்தேன்.
ஃபர்ஹானா முகம் சுளித்தாள்,
பத்து நிமிடத்தில் அவளும் பையை மூடினாள்.
மதியம் நூலகத்தில் இருபது நிமிடத் தூக்கம், அலாரத்தோடு.
நாற்பதானால் அன்றைய நாள் போச்சு.

ஐந்தாம் வாரம், சரியாகிவிட்டது என்று
ஒரே நாளில் துணி துவைத்து, அறிக்கை முடித்து,
ஃபுட்சாலும் ஆடினேன்.
மூன்று நாள் படுக்கை.
அம்மா போனைப் பற்றிப் பேசவில்லை.
முருங்கைக்கீரை மட்டும் வந்தது.

வெய் ஜுனின் குறிப்பில் கடைசி வரி:
எஃகுக்கு ஓர் எல்லை உண்டு.
அதற்குக் கீழே எத்தனை முறை சுமத்தினாலும் உடையாது.
அலுமினியத்துக்கு அப்படி ஒன்று கிடையாது.
ஓரத்தில் பென்சிலால் கேட்டிருக்கிறேன்: நான்?

இன்று சைனீஸ் கார்டன் நிலையத்தில் விழித்திருந்தேன்.
அங்கே ஒரு வெள்ளைக் கோபுரம் இருக்கிறது.
ஒன்றரை வருடமாக
வாய் பிளந்தபடி கடந்துபோயிருக்கிறேன்.
எண்ணினேன். ஏழு நிலை.
ஏறிப் பார்க்க வேண்டும்.
இன்றைக்கு வேண்டாம்.