எண்ணூறு லிட்டர்

உள்ளங்கை அளவில் வந்தது.
கொளத்தூர்க் கடைக்காரன் சொன்னானாம் தயாளனிடம்:
"பாசி தின்னும் சார், தொட்டிய அதுவே கழுவிடும்."
பாசியை அது ஏறிட்டும் பார்க்கவில்லை.
மூன்றாம் வாரம், செத்து மிதந்த ஏஞ்சல் மீனை
விடிவதற்குள் வெறும் முள்ளாக்கி வைத்திருந்தது.
கொலைகாரன் என்றார் தயாளன்.
செத்ததைத்தானே தின்றது என்றேன்.
அன்றிலிருந்து அது என் மீன்.

இப்போது ஒரு முழம்.
உடம்பெல்லாம் தகடு, தகட்டுக்குத் தகடு முள்,
வாலோரம் செங்கல் நிறம்.
பகல் முழுக்கப் பி.வி.சி. குழாய்க்குள்
வாடகை பாக்கி வைத்தவன் மாதிரி கிடக்கும்.
இருட்டினால் இறால்.
நேதாஜி மார்க்கெட்டில் கால் கிலோ, புரட்டாசியிலும்.
"சனிக்கிழமையா?" என்றாள் கடைக்காரி.
விரதம் எங்களுக்குத்தான், அதுக்கு இல்லை என்றேன்.
நம்பாமல் நிறுத்துக் கொடுத்தாள்.

சத்துவாச்சாரி, முதல் மாடி.
கீழிருந்து ருக்மாங்கதன் ஏறி வந்தார்.
"இன்னாம்மா, எத்தினி கிலோ கீது அது?"
தண்ணீரோடு ஒரு டன் என்று சொல்லவில்லை.
சுவரோரமாத்தான் சார் வச்சிருக்கோம்.
மீனை அவர் பார்க்கவே இல்லை,
தரையை மட்டும் பார்த்துவிட்டு இறங்கினார்.
ஞாயிறுதோறும் வெளியேற்றும் முந்நூறு லிட்டரை
அவருடைய எலுமிச்சைக்கு ஹோஸ் போட்டேன்.
மாசியில் கிளை ஒடியக் காய்த்தது.
அப்புறம் அவர் எடை கேட்கவில்லை.

என் பிழைப்பும் தண்ணீர்தான். டயாலிசிஸ்.
காலை ஐந்தரைக்கு ஆர்.ஓ. அறை,
குளோரின், உப்பு, கடினம்.
ராத்திரி வீட்டிலும் அதே கண்ணாடிக் குழல், அதே சொட்டு:
அம்மோனியா மஞ்சளா, பச்சையா.

ஏழாம் படுக்கை முனிரத்தினம்.
குடியாத்தத்தில் தீப்பெட்டிக் கம்பெனி,
செவ்வாய், வியாழன், சனி.
போனில் என் மீனைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார்.
வாயால் கண்ணாடியைக் கவ்வி அது தொங்கும் வீடியோவுக்கு
"என்ன மாதிரியே ஒட்டிக்கினு கீது" என்றார்,
ஒரே கையில் இரண்டு ஊசியோடு.
அப்புறம் கேட்டார்,
"வாரத்துக்கு எத்தினி தண்ணி மாத்துவீங்க மேடம்?"

அவருக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர்.
காபி, ரசம், மாத்திரை விழுங்கும் மடக்கு, எல்லாம் அதற்குள்.
வெளியே நாற்பத்திரண்டு டிகிரி.
கைக்குட்டையில் ஐஸ் கட்டிச் சப்பிக்கொண்டே
பஸ் ஏறி வருகிற மனுஷன்.

கொஞ்சம்தான், என்றேன்.

போன ஞாயிறு தொட்டியின் மூலை கசிந்தது.
கரண்டும் இல்லை.
வேண்டாம் என்பதற்குள் தயாளன் வலை போட்டுவிட்டார்.
முள்ளுக்கு ஒரு கண்ணி, கண்ணிக்கு ஒரு முள்.
துள்ளத் துள்ளக் கன்னத்து முட்கள் விரிந்து
இன்னும் இறுகியது.
ஈரத்துண்டின் மேல் கிடத்தி
போன் வெளிச்சத்தில், கட்டுப் பிரிக்கும் கத்தரிக்கோலால்
நூல் நூலாக வெட்டினேன்.
கட்டைவிரலில் ஏற்றியது, ஆழமாக.
ஒரு நாளைக்குப் பத்துப் பேர் கையில் குத்துகிறேன்,
'கொஞ்சம் சுருக்குனு இருக்கும்' என்று சொல்லிக்கொண்டே.
அது ஒன்றும் சொல்லவில்லை.

நீல டிரம் காலியாக நின்றது.
கேட்காமலே சம்ப்பு மூடியைத் தூக்கினார் ருக்மாங்கதன்.
லாரித் தண்ணி, காசு குடுத்தது.
வாளி வாளியாகக் கயிற்றில் அனுப்பினார்.
கடைசி வாளிக்கு மட்டும் மேலே வந்து
டிரம்முக்குள் எட்டிப் பார்த்தார்.
"இதுக்கா?" என்றார்.

செவ்வாய்.
விரலில் பிளாஸ்திரி.
"மீனா?"
மீன்தான்.
சொல்லிவிட்டேன் அன்றைக்கு: வாரத்துக்கு முந்நூறு லிட்டர்.
முனிரத்தினம் விட்டத்து மின்விசிறியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
"அது குடிக்குதா இன்னா?
அதுக்குள்ள இருக்குது, அவ்ளோதான்."
கையை நீட்டினார்.

எடை மூன்று கிலோ இருநூறு கூடியிருந்தது.
நான் எதுவும் கேட்கவில்லை.