மூன்றாவது முடிச்சு

வெட்டெரனிலிருந்து காலை ஆறு ஐம்பத்திரண்டு.
கடைசிப் பெட்டி, கதவோரம்.
முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு இருக்கைகளுக்கு நடுவே
கூம்பாக ஓர் இடுக்கு.
குடைகள் அங்கே போயிருக்கின்றன,
ஒருமுறை ஒரு டிரம்பெட் பெட்டியும்.
இனி என் சைக்கிள்.

அளக்க ஒன்றும் கொண்டுவரவில்லை.
மஃப்ளரை அவிழ்த்து
உயரத்துக்கு ஒரு முடிச்சு,
அகலத்துக்கு ஒன்று.
ஆழத்துக்குக் குனிந்தபோது வண்டி குலுங்க
மூன்றாவது முடிச்சு எங்கோ விழுந்தது.
எதிரே இருந்தவர் செய்தித்தாளைத் தாழ்த்தி
"எதையாவது தொலைத்துவிட்டீர்களா?" என்றார்.
"இன்னும் வாங்கவே இல்லை" என்றேன்.

மெக்கலனில் ரயில் நிற்கிற நொடியில்
பேருந்து கிளம்பும்,
இரண்டும் பேசிவைத்துக்கொண்ட மாதிரி.
அடுத்ததற்கு இருபத்தாறு நிமிடம்.
நடந்தால் முப்பத்தெட்டு.
முழுச் சைக்கிளுக்குத் தனிச் சீட்டு வேண்டும்;
மடித்துவிட்டால் அது வெறும் மூட்டை,
ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை.

எடைக்கும் ஒத்திகை பார்த்தேன்.
பையில் பன்னிரண்டு கிலோ உருளைக்கிழங்கு,
நிலையத்தில் நாற்பத்தொரு படி.
முப்பதாவது படியில் தோள் என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டது.
"சந்தை அந்தப் பக்கம், மேடம்" என்றார் பரிசோதகர்.
அந்த வாரம் முழுக்க வீட்டில்
அவித்தது, மசித்தது, பொரித்தது.
வியாழனன்று வான்னஸ் தட்டைப் பார்த்துவிட்டு
"ஏதோ ஒரு சைக்கிளை வாங்கித் தொலையேன்" என்றான்.

கொர்னீலின் கடையில் மூன்று இருந்தன.
பதினாறு அங்குலச் சக்கரம் உள்ளது
மூன்றே அசைவில் அடங்கிவிட்டது;
விலையைக் கேட்டதும் நானும் அடங்கிவிட்டேன்.

அடுத்தது பழையது, பச்சை.
மடிக்கும்போதெல்லாம் கீல் முனகியது.
"எண்ணெய் விட்டால் சரியாகிவிடும்" என்றார்,
வேறெங்கோ பார்த்துக்கொண்டு.
செவிக் கருவி பழுதுபார்ப்பவள் நான்.
எந்தச் சத்தம் எண்ணெய்க்கு அடங்கும்,
எது அடங்காது என்று தெரியும்.

கடைசியாக இருபது அங்குலம். கனம்தான்.
கல் பாவிய தெருவில் முனைவரை போய் வந்தேன்.
ஒரு கல்லைக்கூட அது என் முதுகெலும்பிடம் போட்டுக்கொடுக்கவில்லை.
முகத்தில் என்ன இருந்ததோ,
நான் இறங்கும் முன்பே
கொர்னீல் ரசீதுப் புத்தகத்தைத் திறந்திருந்தார்.

"இருங்கள்" என்று மஃப்ளரை விரித்தேன்.
உயரம் சரி. அகலம் சரி.
மூன்றாவது முடிச்சுக்கு
நான்கு விரற்கடை வெளியே நின்றது சைக்கிள்.
கொஞ்சம் இழுத்தேன்.
நல்ல கம்பளி. இழுத்த இழுப்புக்கு வந்தது.
"கச்சிதம்" என்றேன்.
இந்த முறையும் கொர்னீல் வேறெங்கோ பார்த்தார்.

திங்கட்கிழமை, ஆறு ஐம்பத்திரண்டு.
முக்கால் சைக்கிள் இடுக்குக்குள் போனது.
மீதிக் கால்
நடைவழியில் கைப்பிடியை நீட்டிக்கொண்டு
போகிறவர் வருகிறவரிடமெல்லாம்
கை குலுக்கப் பார்த்தது.
செய்தித்தாள்காரர் ஒன்றும் சொல்லவில்லை,
கால்களை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டார்.
அதுதான் தாங்க முடியவில்லை.

டெண்டர்மொண்டே வருமுன்
நாங்கள் இருவரும் கதவருகே வந்துவிட்டோம்.
அங்கே ஏற்கெனவே இரண்டு பேர்
மடிந்த சக்கரங்களை முழங்காலிடையில் இடுக்கி நின்றிருந்தார்கள்.
நீலத் தலைமுடிக்காரி என் சைக்கிளைப் பார்த்தாள்.
"எதை வைத்து அளந்தீர்கள்?"
மஃப்ளரின் நுனியைக் காட்டினேன்.
அவள் குனிந்து
தன் ஷூ கயிற்றைக் காட்டினாள்.
மற்றவர் சாணாக விரித்த கையை
மெல்ல மூடிக்கொண்டார்.

மெக்கலன்.
பேருந்து கதவை மூடிக்கொண்டிருந்தது.
நான் தாழ்ப்பாளோடு மல்லாடி முடிப்பதற்குள் போயே போய்விட்டது.
பாலத்துக்கு அந்தப் பக்கம் சிவப்பு விளக்கில்
அதைப் பிடித்தேன்,
ஜன்னல் ஜன்னலாகக் கடந்தேன்.
மணி அடித்தேன்.
அவசியமில்லைதான்.