பிடி

"கையைத் திறங்கோ," என்கிறாள் நிரோஜினி.
எந்தக் கையை?
மேசையில் கிடப்பது அவள் செய்தது.
ஐந்து மோட்டார், தங்கூசி நூல்,
நகங்கள் இன்னும் பூட்டவில்லை.
எனக்கு முழங்கைக்குக் கீழே ஒரு சாண்,
பிறகு காற்று.

"அதைத்தான். இல்லாத கையை."

வாழைச்சேனை ஐஸ் பக்டரியில்
உடைக்கிற மெசின் விழுங்கிய கை அது.
வள்ளங்கள் காத்து நின்றன, விடியப் போகுது,
சிக்கிய கட்டியை இழுக்கப் போனேன்.
கட்டி கைக்குள் வந்தது.
கை வெளியே வரவில்லை.

பிறகு வந்தவை எல்லாம் இரவல்.
முதலில் கொளுக்கி. தோளை உலுப்பினால் வாய் திறக்கும்.
வாளி தூக்கும், மீன்பெட்டி இழுக்கும்,
மகளைத் தூக்கப் போனால் வீரிடுவாள்.
அடுத்தது றப்பர் கை,
யாரோ வெள்ளைக்காரனின் நிறத்தில்,
கலியாண வீடுகளுக்கு மட்டும்.
ஒரு பந்தியில் பருப்புக்கறி பட்டு
மஞ்சள் போகவே இல்லை.
அதன்பிறகுதான் கொஞ்சம்
என் கை மாதிரி இருந்தது.

வயர்களைத் தோலில் ஒட்டியபடி அவள் கதை சொல்வாள்.
முந்தி இரும்புக் கையோடு குதிரை ஏறினவர்களாம்,
மற்றக் கையால்தான் விரல்களை மடக்குவார்களாம்.
"பிடிக்கிறது லேசு, ஐயா,
அதை எப்பவோ கண்டுபிடிச்சாச்சு.
விடுறதுதான் கஷ்டம்."

திரையில் இரண்டு கோடு.
மூடுகிற தசையின் கோடு மலைபோல நிற்கிறது.
திறக்கிற கோடு
வாவித் தண்ணிபோலப் படுத்திருக்கிறது.

"எப்பவும் பொத்தியே கிடக்கே,
என்ன வைச்சிருக்கிறீங்க உள்ளுக்க?"

இருபத்தொரு வருடமாக
அந்த ஐஸ் உருகவில்லை என்று
யாரிடமும் சொன்னதில்லை.
சித்திரை வெயிலிலும் இல்லாத விரல்கள் விறைக்கும்.
போர்வையால் காற்றைச் சுற்றிக்கொண்டு படுப்பேன்.

கண்ணை மூடினேன்.
சின்ன விரலில் தொடங்கினேன்.
கல்லடிப் பாலத்தடியில் ஏதோ பஸ் ஹோர்ன் அடித்தது.
மேசையில் மோட்டார் முனகியது.
பெருவிரல் மட்டும், அதுவும் பாதி.
"வந்திட்டு!" என்று அவள் கத்தியதில்
திரும்ப மூடிக்கொண்டது.

தேத்தண்ணி வந்தது, குடித்தோம்.
பற்றறி நாலு மணித்தியாலம் நிற்குமாம்.
மழைக்கு ஆகாதாம்.
அவள் அங்கால் திரும்பிய நேரம்
மடியில், சாரத்தில்,
ஒரு பொட்டு ஈரம் இருக்கிறதா என்று
தடவிப் பார்த்தேன்.
இல்லை.

"இன்னொருக்கா," என்றேன்.