கால் பவுன்

ஆறு கால்சட்டை, ஒரு கோட்,
இடுப்புத் தளர்த்தினது மூன்று.
மெல்ரோய் தரவேண்டிய காசுக்கு
பெர்த் போகிற முதல்நாள்
ஒரு தூண்டில் தடியைக்
கடை மேசையில் கிடத்திவிட்டுப் போனார்.
தென்னை ஈர்க்கைவிடக் கொஞ்சம் தடிப்பு.
அதன் முதுகில் ஒரு ரீல்,
என் பொபின் கேஸுக்கு
ஒன்றுவிட்ட தங்கச்சி போல.

கூட வந்த பொய்மீனைப்
பக்கத்து நகைக்கடைத் தராசில் வைத்தேன்.
"ரெண்டு கிராம். கால் பவுன்" என்றான் சுதேசன்.
"உருக்கவா?"

கடை பூட்டி,
கல்லடிப் பழைய பாலத்தடிக் கரையில் நின்று
அந்தக் கால் பவுனை வாவிக்குள் எறிந்தேன்.
அது மூன்று முழம் போய் விழுந்தது.
ரீலோ
இருபது யார் நூலை ஒரே வாயில் கக்கி
காகம் அடைகாக்கிற மாதிரி ஒரு கூடு கட்டிவிட்டு
ஒன்றும் தெரியாதது போல் நின்றது.

வலை வைக்கப் போன தோணியிலிருந்து
அருள்நேசன் கேட்டான்:
"என்னகா, நூல் காயப் போடுறியளா?"
"ஓம், பூச்சி பிடிச்சுப் போச்சு."

இரை களைத்த பிறகும் உருளை களைக்கவில்லை,
அதுதான் பிழை.
மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும்
சக்கரம் ஓடினால்
துணிக்கு அடியில் நடக்கிற அதே அலங்கோலம்.

பொபினை நூலில் தொங்கவிட்டு ஒரு சுண்டு சுண்டுவோம்.
கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும்.
சரசரவென்று இறங்கினால் இறுக்கு,
அசையாவிட்டால் தளர்த்து.
இருபத்திரண்டு வருசம் இதைச் செய்த கை
இங்கேயும் அந்தத் திருகாணியைத் தேடிப் பிடித்தது.
பொய்மீன் மெல்ல இறங்கி மண் தொட்டது,
உருளையும் அந்த இடத்திலேயே அடங்கியது.
மறுபக்கம் காந்தப் பிறேக், ஒன்று முதல் பத்து.
பத்தில் வைத்தேன்.
இதில் வெட்கப்பட என்ன இருக்கு?

மறுகா, பெருவிரல்.
உருளையில் பட்டும் படாமலும் அது காவலிருக்க வேணும்.
என்னுடைய வலது பெருவிரல்,
யூனிபோம் தைத்து முடியாத ஒரு டிசம்பர் இரவில்
பதினாறாம் நம்பர் ஊசி நகத்தோடு ஏறின விரல்.
சூடு தெரியும் அதற்கு, நூல் தெரியாது.
ஓடுகிறதா நிற்கிறதா, சொல்லாது.
நாலு நாள், நாலு கூடு.

ஐந்தாம் நாள் கை மாற்றினேன்.
இடது கை,
ஒருநாளும் கத்தரிக்கோல் பிடிக்காதது.
காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு
எறியாமல்,
தடி தானே வளைந்து தானே நிமிர விட்டேன்.
விரலுக்கடியில் நூல் ஓடியது,
மேசையிலிருந்து பட்டுத்துணி தானாய் வழுகும்போது
விளிம்பு உள்ளங்கையை உரசுமே, அப்படி.
தண்ணீருக்கு ஒரு சாண் முன்னால் அழுத்தினேன்.
சத்தமே இல்லை.
இரண்டு சேலை நீளம்.

தூணடியில் ஏதோ பிடித்து இழுத்தது.
தடி முழுக்கக் குனிந்தது,
ரீல் கிர்ர் என்றது,
நான் வாய்விட்டு என்னவோ கத்தினேன்.
வந்தது உள்ளங்கையளவு செப்பலி,
கோபத்தில் கண் சிவந்து.

அருள்நேசன் எட்டிப் பார்த்தான்.
"இதுக்காகா இவ்வளவும்?"
தண்ணீரில் விட்டேன்.
முள் ஏறியிருப்பது
ரத்தம் கண்டுதான் தெரிந்தது. வலது பெருவிரல்.

பிறேக்கை ஏழுக்கு இறக்கினேன்.
தலைக்கனம்தான்.
அடுத்த வீச்சில்
கூடு, இதுவரை கட்டாத பெரிய கூடு.

இப்போது பாலத்து விளக்கடியில்
தையல் பிரிக்கிற கொக்கியோடு
ஒவ்வொரு கண்ணியாய்க் கிளறுகிறேன்.
தோணியைக் கட்டிவிட்டு வந்து
டோர்ச் பிடிக்கிறான் அவன்.
"அது இல்லகா, அதுக்குக் கீழ இருக்கிறது."
காலையில் ஒரு கல்யாண பிளவுஸுக்குக்
கழுத்து வெட்ட வேண்டும்.
"கீழயா? எது?"
"கொஞ்சம் கையை எடுங்க, பாப்பம்."