ஏழாம் மேசை

விளக்குக் கம்பத்தில் கட்டிய மஞ்சள் அறிவிப்பு
வேல்ஸ் மழையில் மூன்று வாரம் நனைந்து
தன் எழுத்தைத் தானே அழித்துக்கொண்டது.
கறுப்புக் கரடி ஓட்டலின் பக்கவாட்டில்
எட்டு மேசை, முப்பத்திரண்டு நாற்காலி.
ஆட்சேபம் பதினொன்று. ஆதரவு இரண்டு;
இரண்டும் ஒரே கையெழுத்து.

அவெரில் ப்யூ நான்கு பக்கம் எழுதியிருந்தார்:
கற்பலகைத் தரையில் நாற்காலிக் கால் இழுபடும் ஓசை
தன் படுக்கையறைக்குள் வந்து உட்காரும் என்று.
அது விதிப்படி செல்லும் கவலை.
பூனையைப் பற்றிய பக்கம் செல்லாது.

அளவு நாடாவோடு போனேன்.
சுவருக்கு வயது இருநூற்று அறுபது,
அதில் ஆணி அடிக்கக் கூடாது.
குடைகளில் பீர் கம்பெனிப் பெயர் கூடாது.
நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் குல்லா.
இரவு ஒன்பதரைக்கு எல்லாம் உள்ளே.
எழுத எழுத எனக்கே பிடித்துப்போனது அந்த ஒழுங்கு.

சமையலறைக் கதவருகே
பால்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தான் பிளெத்தின்,
பாத்திரம் கழுவிய கை ஊறிச் சிவந்து.
"கொஞ்சம் நகருப்பா" என்றேன், அளப்பதற்கு.
நகர்ந்தான்.
நான் எண்ணைக் குறித்து முடிக்கும்வரை
பெட்டியை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றான்.

நேற்று அனுமதி கொடுத்தாயிற்று.
ஏழாம் மேசை அந்த இடத்தில்தான்.
பிளெத்தின் ஆட்சேபம் ஏதும் அனுப்பவில்லை.
அனுப்பியிருந்தால்
பால்பெட்டியை எந்தக் கட்டத்தில் நிரப்புவது என்று
என்னிடம்தான் கேட்டிருப்பார்கள்.