அடுத்த பெட்டிக்கு வாய் இருக்குமா

இன்னும் பிறக்காத ஓர் இயந்திரத்துக்கு
பம்பலப்பிட்டியில், இரண்டாம் மாடியில்,
சாதகம் கணித்துக்கொண்டிருக்கிறோம்
நானும் அஸ்மீரும்.
ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது.
டூப்ளிகேஷன் வீதி ஒருவழிப் பாதை என்பதால்
மழையும் ஒரே பக்கமாகப் போகிறது.

சுங்க ரசீதின் பின்பக்கத்தில்
அவன் ஒரு சதுரம் கீறுகிறான்.
"பாருங்க பிறேமிளா, இதுதான் சிப்.
ரெண்டு பெட்டி விடுவானுகள் இந்தமுற.
ஒண்டு காசுக்காரனுக்கு,
மத்தது ஆசக்காரனுக்கு."

நான் நம்பவில்லை.
மெமரி விலை மரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கும் காலத்தில்
இரண்டு அச்சு வார்க்க எந்தக் கம்பெனிக்குப் பைத்தியம்?
ஒன்றுதான் வரும்.
முதல் இரண்டு வருஷம் நட்டத்துக்கு விற்பார்கள்.
தூண்டில் மலிவு, புழு இலவசம்,
விலையை மீனிடம் கேட்பார்கள்.

விசிறியைப் பற்றி மட்டும் ஒரு மணித்தியாலம்.
திரவ உலோகமா, பழையபடி பேஸ்ட்டா.
பிளேன்டீ ஆறிவிட்டது.
எங்கேயோ, இருபத்திரண்டு பாகை அறையில்,
கையுறை போட்ட ஒருவர் அதைச் சோதித்து
'சரி' என்று ஒப்பமிட்டிருப்பார்.
வெள்ளவத்தைக் காற்றின் உப்பு
பின்களைப் பச்சையாக்குவது அவருக்குத் தெரியாது.
கரப்பானைத் தெரியவே தெரியாது.
எந்த மாடல் வந்தாலும்
பவர் சப்ளையின் ஓரம் ஓர் இளஞ்சூட்டைக் கண்டுபிடித்துக்
குடித்தனம் தொடங்கிவிடும் அது.
எங்களிடம் வருகிற பத்தில் நாலு
அதன் பிரசவ அறை.

வெளியீட்டுப் பட்டியலில் நாங்கள் இல்லை;
இது ஒன்றுதான் ஊகமில்லை.
முதல் அலை நாடுகள், இரண்டாம் அலை நாடுகள்.
எங்களுக்கு அலை கிடையாது,
கடல் மட்டும்.
என்றாலும் வரும்.
துபாயிலிருந்து அஸ்மீரின் மச்சானுடைய சூட்கேஸில்,
பால்மா டின்னுக்கும் டயப்பருக்கும் நடுவில்.
கட்டுநாயக்கவில் ஓர் அதிகாரி
அதைக் கையில் தூக்கிப் பார்த்து
எடையில் வரியை ஊகிப்பார்.
அன்றைக்கு டொலர் என்ன விலையோ
அதுதான் எங்கள் ஊரில் அதன் வேகம்.

பேனையை மூடிவிட்டுச் சொல்கிறான்:
"டிஸ்க் இருக்காது.
டிரைவைத் தனியா விப்பானுகள்,
பிறகு அதையும் நிப்பாட்டுவானுகள்."

இரண்டு பேரும் கண்ணாடி அலுமாரியைப் பார்க்கிறோம்.
உறை கிழிந்த முந்நூற்றுச் சொச்சம்.
கொட்டாஞ்சேனை அனோஜன் கார் ஓட்டத்தைத் தந்து
கால்பந்தை எடுத்துப் போவான்,
மேலே ஐந்நூறு ரூபா.
அந்தக் கால்பந்து இதுவரை
ஒன்பது வீட்டில் விளையாடியிருக்கிறது.
அவர்கள் கணக்கில் அது எட்டு நட்டம்.
எங்கள் கணக்கில் கடை வாடகை.

பந்தயம் ஒரு சவன் சாப்பாடு.
டிரைவ் இருந்தால் அவன் வாங்கித்தருவான்,
இல்லாவிட்டால் நான்.
தோற்கத்தான் அவனுக்கும் விருப்பம்.

போவதற்கு முன் கடைசியாக ஒன்று.
மோதரையிலிருந்து வந்த பழைய பெட்டி.
'விழுங்குது, துப்புதில்லை' என்று சீட்டு ஒட்டியிருக்கிறது,
என் கையெழுத்தில்.
ஆணிகளைக் கழற்றி மூடியைத் தூக்குகிறேன்.

இரண்டு ரூபாக் குத்தி ஒன்று.
பச்சை லூடோக் காய்.
155 பஸ்ஸின் ரிக்கெற், பாதி.
இவற்றுக்கு அடியில்,
பிஸ்கட் பெட்டி மட்டையில் வெட்டிய ஒரு வட்டம்.
நடுவில் கவனமாகக் குத்திய ஓட்டை.
ஓட்டையைச் சுற்றி வால் சுருட்டிய ஒரு பூனை,
மஞ்சள் கிரேயானில்.
கீழே எழுத்துக் கூட்டி
'பூனை 2'.

அஸ்மீர் அதை வாங்கி
லைட்டுக்குப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான்.
கீறல் இருக்கிறதா என்று பார்க்கும் அதே பார்வை.

"முதலாவது எங்க?"
என்கிறான்.