முதலாம் நிலை

பரந்தன், ரியூசன் கொட்டில்,
கரண்ட் போன ஞாயிறு பின்னேரம்.
கொப்பித் தாளில் நான் கீறிய நிலவறை:
ஐந்து அறை, மூன்று கொப்ளின்,
கடைசியில் கைக்கடக்கமாய் ஒரு டிராகன்.
புதுசாக விளையாட வந்தவர்கள், பாவம்.

முதல் நடைவழி முப்பதடி. வெறும் வழி.
கதவுவரை நடந்தால் போதும்.

சுவஸ்திகாவின் மந்திரக்காரி நடக்கவில்லை.
"நிலம் என்ன நிறம்?
புல்லு முளைச்சிருக்கோ?
கடைசியா ஆர் இதால போனது?"
முழந்தாளில் இருந்து
மந்திரக்கோலைச் சரித்துக் குத்துகிறாள்,
விரற்கடை விரற்கடையாய்.
தாயக்கட்டையை உருட்டு என்கிறேன்.
"இதுக்கு உருட்டக் கூடாது."
அவளின் அம்மாவுக்கு முகமாலையில்
எட்டு வருசமாய் இதுதான் வேலை.

மதுமிலனின் வாள்வீரன் கொட்டாவி விட்டான்.
திருடன் என்னுடைய ரோல்ஸையும் சாப்பிட்டு முடித்தான்.
அடுத்த அறையில்
ஓங்கிய கோடரியோடு கொப்ளின்களுக்குக் கை உளைந்திருக்கும்.

ஆறு மணிக்குப் பன்னிரண்டு அடி.
இரு கரையும் சிவப்புத் தலைக் கட்டைகள்,
அவளே பென்சிலால் போட்டது.

அந்த வழியில் நான் ஒன்றும் புதைக்கவில்லை.
சொல்லியிருக்கலாம்.
நம்பியிருக்க மாட்டாள்.

வாற ஞாயிறு
பதின்மூன்றாம் அடி.